பெட்டியை மட்டும் திறக்காதே

...மறுபடியும் அதே கறுப்புத் திரை, மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னுகிறது, அவ்வளவுதான், இது மூன்றாவது முறை, எட்டு மணிக்கு உட்கார்ந்தவள், இப்போது பதினொன்றாகப் போகிறது, இன்னும் பசியாறவில்லை, சனியனே உனக்கு என்னதான் வேண்டும் என்று கணினியைப் பார்த்துக் கத்தியே விட்டேன், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், பார்க்கட்டும், யாருக்கு என்ன. மூன்று மணிக்குள் படம் போயாக வேண்டும். கோலா கெத்தில் டவுனில் இருக்கும் கேபினெட் கடை முதலாளி, தவுக்கே, நேற்றே சொல்லிவிட்டார், மூன்று மணிக்கு வீட்டுக்காரர்கள் கடைக்கு வருகிறார்கள், இன்னும் கட்டாத சமையலறைக்குள் அவர்களே நடந்து போவது போலப் படம் ஓட வேண்டும், பிடித்துவிட்டால் கடையின் எல்லா வேலையும் இனி உனக்குத்தான் லோகேஸ்வரி என்றார், பிடிக்காவிட்டால்... பிடிக்காவிட்டால் என்ன, பழையபடி கையுறைத் தொழிற்சாலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், விடியுமுன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும் பஸ். மாட்டேன். அந்த பஸ்ஸில் இனிமேல் ஏற மாட்டேன் என்று அழுது அடம்பிடித்துத்தானே வேலையை விட்டு நின்றேன்?

வரைவதெல்லாம் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது, கிராபிக்ஸ் கார்டு ஒழுங்காக இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் படமாக வந்துவிடும், வெள்ளிக்கிழமை ஒழுங்காகத்தானே இருந்தது... ஞாயிறும் திங்களும் நாங்கள் வீட்டில் இல்லை, இன்று காலை திறந்தால் எழுத்தெல்லாம் பூதம் பூதமாக நிற்கிறது, வரைகிற மென்பொருள் கார்டே இல்லை என்கிறது. இதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது என் வீட்டுக்காரர் பரஞ்சோதிதான், சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவர், கம்பியும் திருகும் அவருக்குக் கை வந்த கலை. கார்டை ஓட்ட லினக்ஸோடு சும்மா வருகிற டிரைவர் மென்பொருள் திரையைக் காட்டும், என் வேலைக்கு அது போதாது, கார்டைச் செய்த கம்பெனியின் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும், அதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அதைத் திரும்பப் போடப் போனபோது எட்டேகாலுக்கே ஒரு வரி வந்தது, உள்ளே இருக்கும் கார்டு பழைய வகை, பழைய டிரைவரைத்தான் ஏற்கும், இந்த டிரைவர் அதைக் கண்டுகொள்ளாது என்று. எது பழையது, போன வருடம் வாங்கிய கார்டா? போனில் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன், மெஷின் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் பதிவு வந்தது. "லோகா, அது சும்மா வார்னிங் லா, எல்லாருக்கும் வரும். டிரைவர மொத்தமா அழிச்சிட்டு மறுபடியும் போடு. கம்ப்யூட்டர் பெட்டிய மட்டும் தெறக்காத, என்ன?" சரி என்றேன். மெஷின் விஷயத்தில் அவருக்குத் தெரியாததா?

அழித்தேன், போட்டேன், அணைத்து ஏற்றினேன், கறுப்பு. லினக்ஸின் உள்ளே ஓடும் புது கெர்னல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, பழைய கெர்னலில் ஏற்றிப் பார் என்றார், ஏற்றினேன், கறுப்பு. பாதுகாப்புச் சாவி என்று ஒன்று இருக்கிறதாம், அதைப் பதிய வேண்டுமாம், ஒரு நீலத் திரை வந்து கடவுச்சொல் கேட்டது, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன், ஒரு எழுத்து தப்பிப்போய் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன், மீண்டும் கறுப்பு. ஒவ்வொரு தடவையும் அழிக்க, இறக்க, போட என்று முக்கால் மணி நேரம் போகிறது, இங்கே சுங்கை லாலாங்கில் இணையம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். "நீதான் எதையாச்சும் தட்டியிருப்ப, நல்லா யோசிச்சுப் பாரு" என்று இன்னொரு பதிவு. யோசித்தேன். வெள்ளிக்கிழமை ஏதோ அப்டேட் கேட்டது, கை துருதுருவென்று சரி என்று அழுத்தியது நான்தானே... கொஞ்சம் பொறுத்தால்தான் என்ன, உனக்கு எல்லாவற்றிலும் அவசரம் லோகேஸ்வரி, படித்தவள் மாதிரி கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஆயிற்றா, என்று என்னையே திட்டித் தீர்த்தேன். "தாப்பா, பரவால்ல, டென்சன் ஆகாத, இன்னொரு வாட்டி அழிச்சிட்டுப் போடு, பெட்டிகிட்ட மட்டும் போகாத, கரண்டு அடிச்சா கார்டு கெட்டு ரோசாக் ஆயிடும்." எவ்வளவு அன்பாகச் சொன்னார், வேலைக்கு நடுவில் எனக்காக ஒதுங்கி நின்று பேசுகிறாரே என்று எனக்குக் கண்கூடக் கலங்கியது.

போனில் தேடித் தேடி ஓர் இடத்தில் யாரோ எழுதியிருந்ததைப் படித்தேன், இதையெல்லாம் செய்யுமுன் கார்டு நன்றாகப் பொருந்தியிருக்கிறதா, மின்கம்பி கழன்றிருக்கிறதா என்று பாருங்கள் என்று. கழன்றிருக்குமோ? அவரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மணி பதினொன்று ஐம்பது. கரண்டு அடித்தால் அடிக்கட்டும் என்று பிளக்கைப் பிடுங்கினேன், திருகு நான்கையும் கழற்றினேன், தகட்டை இழுத்தேன். கம்பி கழன்றிருக்கவில்லை, அந்தக் கம்பியே இல்லை, கம்பி தேவைப்படாத ஒரு சின்னக் கார்டு, ஒரே விசிறி, அதில் பழைய தூசி அப்பிக்கிடக்கிறது... எனக்கு முதலில் புரியவே இல்லை, இருட்டில் சரியாகத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன், போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பொட்டைத் தேடினேன். ஆயுத பூசைக்கு எஸ்டேட் தோட்டத்தில் லாரிக்கும் டிராக்டருக்கும் பொட்டு வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்குச் சோறு போடுவது இந்தக் கார்டுதான் என்று அதன் முதுகுத் தகட்டில் சந்தனம் குழைத்து நடுவில் குங்குமம் வைத்திருந்தேன், அடுத்த பூசை வரை துடைக்கக் கூடாது என்று சொல்லியும் வைத்திருந்தேன், அவர் சிரித்தார், சாமி வந்தா டிரைவர் போடப் போகுது என்று. பொட்டு இல்லை. துடைத்த தடம்கூட இல்லை. மூலையில் பாதி கிழிந்த பச்சை ஒட்டுத்தாள் இருந்தது, அது எனக்குத் தெரியும், ஸ்டோர் அறையில் அவருடைய ஓட்டைக் கணினியில் கிடந்த கார்டு, அடப்பாவி, பத்து வருடத்துக் கார்டு.

மூன்றாவது தடவை அடித்ததும் எடுத்தார். "ஏங்க, உள்ள இருக்குறது யாரு கார்டுங்க?" "தெறந்துட்டியா?" முதலில் கேட்டதே அதுதான். "என் கார்டு எங்கங்க?" என்றேன், என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "கோவப்படாதமா... கேம் வெளையாட கார்டு வேணும்னு ஷாமளா கேட்டுச்சு. தாய்மாமன் என்னத்த பெருசா செஞ்சிடப் போறான்னு அக்கா வேற நாலு பேரு முன்னால பேசிட்டாங்க. வீட்ல பழசு ஒண்ணு சும்மா கெடந்துச்சு, அத மாட்டிட்டேன். திரை வரும்ல, ஒனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன் லா. அடுத்த மாசம் அதே மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சிடலாம்னு..." "சரிங்க, காலையில இருந்து எதுக்கு என்னைய அழி அழின்னு சொன்னீங்க?" "சூப்பர்வைசர் வர்றாரு, செகெஜாப், கொஞ்சம் இரு, அப்புறம் கூப்பிடுறேன்." வைத்துவிட்டார்.

ஷாமளா அவர் அக்கா மகள், பதின்மூன்று வயது, ஞாயிற்றுக்கிழமை பாடாங் மேஹாவில் அவளுக்குச் சடங்கு, அதற்குத்தான் இரண்டு நாளும் போயிருந்தோம். பதினொரு சீர்த் தட்டு. மண்டப வாசலில் வரிசை கட்டியபோது என் அண்ணி, அவர் அக்காதான், என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார், மாமன் பெண்டாட்டிதானே மொதத் தட்டு எடுக்கணும், வா லோகா என்று, தட்டில் தங்க நிறத் தாள் சுற்றிய பெட்டி ஒன்று, என்னங்க இது என்று வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன், ஹெட்போன் என்றார், இவ்வளவு கனமாகவா என்றேன், நல்ல ஹெட்போன் அப்படித்தான் இருக்கும் என்றார். நான் தூக்கிக்கொண்டு போனேன். நாதஸ்வரத்துக்குப் பின்னால், பட்டுப் புடவை தடுக்கி விழாமல், கீழே போட்டுவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, என் கார்டை நானே. என் பொட்டைத் துடைத்துவிட்டுத்தானே சுற்றியிருப்பார்? என்றைக்குத் துடைத்தார்? சனிக்கிழமை நான் சந்தைக்குப் போயிருந்தேனே, மாவு வாங்க அனுப்பினார், கூடவே மீனும் பார்த்து வாங்கு, அவசரமில்லை என்றார்... சீ. புகைப்படம்கூட வந்திருக்கிறது, காலையில்தான் அண்ணி எல்லாருக்கும் அனுப்பியிருந்தார், எடுத்துப் பார்த்தேன், நான் பல்லெல்லாம் தெரிய நிற்கிறேன், அவர் கேமராவைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எட்டேகாலுக்கு வந்த வரி கேட்ட அந்தப் பழைய டிரைவரை இறக்கிப் போட்டேன், ஒரே தடவையில் ஏறிவிட்டது, எழுத்தெல்லாம் அளவுக்கு வந்து பளிச்சென்று நின்றது. ஒரு மெஷின் அப்பட்டமாக உண்மையைச் சொன்னது, நான் அதை நம்பாமல் இவரை நம்பி நான்கு மணி நேரம் அழித்து அழித்துப் போட்டேன். வரைகிற மென்பொருளுக்கு இந்தக் கார்டு ஆகாது, கார்டு இல்லாமல் ஓட்டினால் பதினான்கு மணி நேரம் என்று காட்டியது. நடக்கிற படம் இல்லை, அவ்வளவுதான், தரத்தைக் குறைத்து நான்கு நிற்கிற படங்களை எடுத்து இரண்டு ஐம்பதுக்குத் தவுக்கேக்கு அனுப்பினேன், கணினி ரோசாக், நாளை முழுதாகத் தருகிறேன் என்று எழுதினேன். பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. மூன்று இருபதுக்கு, ஓகே, தாப்பா, என்று மட்டும் வந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா.

நாலரைக்கு ஷிப்ட் முடிந்து வருவார், தலையைக் குனிந்துகொண்டு நிற்பார், அக்கா கிட்ட மட்டும் கேட்டுடாத என்பார். கேட்க மாட்டேன், அந்தப் பிள்ளையிடம் போய் எப்படிப் பிடுங்குவது, அவள் என்ன செய்தாள்? என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? சண்டை போட்டிருப்பேன், ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்திருப்பேன், ஆனால் கொடுத்திருப்பேன், மாமன் வெறுங்கையோடு போய் நிற்க விட்டிருக்க மாட்டேன், இந்த வேலை முடியட்டும் செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றாவது சொல்லியிருப்பேன். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை? பயமா, கொடுத்துவிடுவேன் என்று தெரிந்தவருக்கு ஏன் பயம்... கேட்டால் அது என்னுடையது என்று ஆகிவிடும் இல்லையா, வீட்டில் கிடக்கிற சாமான் என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. போனில் என்ன சொன்னார், வீட்ல பழசு ஒண்ணு கெடந்துச்சு என்றார், அப்படியென்றால் என்னுடையதும் வீட்டில் கிடந்ததுதானா, நான் ஒரு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்வதற்கு அவர் மனதில் என்ன பெயர், வேலை என்றுதானே அவரும் எல்லாரிடமும் சொல்கிறார்... போனில் அவருடைய இன்னொரு குரல் பதிவு வந்து கிடக்கிறது, திறக்கவில்லை, கழற்றிய திருகு நான்கும் மேசையில் அப்படியே இருக்கின்றன, இந்த வீட்டில் வேறு எதையெல்லாம் அவர் என்னிடம் கேட்டதே இல்லை என்று நினைத்துப் பார்க்கிறேன், ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கிறது.