நாலு வாளி

பாடைக் கயிற்றை இழுத்துக் கட்டப்போன சோலைமலையின் கையை அன்னக்கொடி தட்டிவிட்டாள்.

"கையை எடுங்க. எம்புருசனைக் கொன்ன கை அது."

தெருவே பார்த்தது. தப்பு அடித்துக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான். சோலைமலை கயிற்றைக் கீழே போட்டான். மோட்டார் பட்டறைக்காரன் அவன். ஒருத்தன் ஒன்று ஏசினால் பதிலுக்கு நாலு ஏசுகிறவன். தம்பி பெண்டாட்டியை என்னவென்று ஏசுவது? தம்பி சுருளி தலைக்கட்டோடு கட்டிலில் பிணமாகக் கிடக்கிறான்.

சுருளி வண்டி ஓட்டிய ஏலத்தோட்டத்தின் முதலாளி பெத்துராஜ் நாற்காலியில் இருந்தார். சாவு வீட்டில் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தவர் அவர் ஒருத்தர்தான்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி. இவன் பின் பிரேக்கை மாத்துனான், மூணாம் நாளு உருண்டிருச்சு. நான் யாரையும் குத்தம் சொல்லலை," என்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, சொல்லவில்லை என்கிற ரகம்.

"என்னத்த நல்லா ஓடுச்சு?" என்று சோலைமலை திரும்பினான். "சின்னப் பிக்கப்பு வண்டியில பட்டாளத்து லாரி இன்ஜினைத் தூக்கி வச்சீங்க. மத்தவன் சரக்குக்கு முந்தி உங்க சரக்கு போடிக்கு வரணும். மலைமெட்டு ஏறயில பாயும், சரி. எறங்கயில எதைப் புடிச்சு நிறுத்துறது? உங்க வேட்டியையா?"

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"அதுக்குத்தானப்பா உன்கிட்ட விட்டோம். பெறகு ஏன் நிக்கலை?"

ராத்திரி முழுக்கச் சோலைமலையும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். பழைய பிரேக் டிரம் ஒடுக்கமானது. பாதி மெட்டு இறங்குவதற்குள் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிக்காமல் போகும். அதைக் கழற்றிப்போட்டுவிட்டு, உடைத்த லாரியிலிருந்து அகலமான டிரம் எடுத்துக் கடைந்து மாட்டினான். டிரம்மை மூடும் பின்தட்டில் ஓட்டை போட்டு, தகரத்தில் புனல் மாதிரி அடித்து, ஓடுகிற காற்று டிரம் மேலேயே விழும்படி வைத்தான். நிற்காமல் போக வழியே இல்லை. ஆனால் நிற்கவில்லையே.

தேவாரம் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வர உச்சிப்பொழுதாகும், அப்புறம்தான் எடுப்பது என்றார்கள். சோலைமலை லாரி டிரைவர் கன்னையனைத் தோளில் தொட்டான். நேற்றுச் சாயங்காலம் சுருளிக்குப் பின்னாலேயே மெட்டிலிருந்து இறங்கியவன் அவன்.

"லாரியை எடுடா. எனக்கு அந்த டிரம்மைப் பாக்கணும்."

"இப்பவாண்ணே?"

"வெரசா எடு."

அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி மலை ஏறினார்கள். மூன்றாவது வளைவுக்குக் கீழே பிக்கப்பு பாறையில் முட்டிச் சாய்ந்து கிடந்தது. மூட்டைகள் வெடித்துப் பள்ளமெல்லாம் ஏலக்காய். பெத்துராஜின் ஆட்கள் இரண்டு பேர் குந்தி உட்கார்ந்து அதைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். காய்க்கு ஆள் அனுப்பியிருக்கிறான் மனுசன். சோலைமலை அவர்களைப் பெற்றவர்களையும் சேர்த்து ஏசிக்கொண்டே இறங்கினான். அவர்கள் தலை நிமிராமல் அள்ளினார்கள்.

இடது பின்சக்கரத்தைக் கழற்றியதும் டிரம் மூன்று துண்டாகக் கையில் வந்தது. அது உடைந்த வேகத்தில் உள்ளேயிருந்த குழல் பிதுங்கி, பிரேக் எண்ணெய் முழுக்க ஒழுகியிருந்தது. முன்சக்கரத்துக்கும் பிடி இல்லாமல் போனது அதனால்தான்.

கடைசலில் மெலிந்துவிட்டதா என்று விரலால் அளந்தான். இல்லை. கனம் சரியாக இருந்தது. வெளிப்பக்கத்தைத் திருப்பினான். சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. விரிசல் அங்கேதான், வெளியிலிருந்துதான் தொடங்கியிருந்தது.

"ஊத்து வளைவுல நிறுத்துனானா?"

"நிறுத்தாமயா? எல்லாரும் நிறுத்துறதுதானே." கன்னையன் மூக்கைச் சிந்தினான். "சூடாறச் சக்கரத்துல தண்ணி ஊத்துனோம். பீடி குடிச்சோம். எப்பவும் ரெண்டு வாளி. நேத்து, 'ரெண்டு பத்தாது மாப்ளே, இது எங்கண்ணன் மாட்டுனது, நாலு வாளி குடிக்கும்'னான். புஸ்ஸுன்னு ஆவி வரவும் அப்படிச் சிரிச்சான். பெருமை தாங்கலை அவனுக்கு."

சோலைமலை பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

பழைய டிரம் தகட்டில் அடித்தது. தண்ணீர் ஊற்றினாலும் தாங்கும். இது வார்ப்பிரும்பு. கொதிக்கிற வார்ப்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். பட்டறையில் இருக்கிறவனுக்கு இது தெரியும். டிரைவருக்குச் சொன்னால்தான் தெரியும்.

சொல்லவில்லை. நாலு மாசமாகப் பேச்சில்லை. இன்ஜினை மாற்றும்போதே பிரேக்கையும் மாற்று என்று இவன் சொன்னதற்கு, 'எங்கண்ணன் பயந்தாங்கொள்ளி' என்று சுருளி டீக்கடையில் சொல்லிச் சிரித்தான். அது காதுக்கு வந்தது. அதோடு சரி. பிரேக்கு வேலைக்கு வண்டியைக் கொண்டுவந்து விட்டதும் கன்னையன்தான். வாங்கிப்போகச் சுருளியே வந்தான். சோலைமலை வேறொரு வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தான். தம்பியின் செருப்புக்கால் பக்கத்தில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. அவனாகக் கூப்பிடட்டும் என்று இவன் போல்ட்டைத் திருகிக்கொண்டே கிடந்தான். கால் போய்விட்டது.

"பேசித் தொலைஞ்சா என்னடா நாயே," என்றான் சோலைமலை. கன்னையன் சுற்றிலும் பார்த்தான். யாரைச் சொல்கிறான் என்று புரியவில்லை.

விசயத்தைச் சொன்னபோது கன்னையன் உடைந்த துண்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். பிறகு, "வாளி தூக்குனது நானும்தானே. விடுண்ணே. ஆறு மூட்டை ஏத்துற வண்டியில ஒம்பது மூட்டை. அதுவும் நெசந்தானே? அதைச் சொல்லுவோம்," என்றான்.

கன்னையனே சொன்னான். தெருவுக்குள் லாரி நின்றதும் நிற்காததுமாக இறங்கி, "ஒம்பது மூட்டை ஏத்துனது யாரு? பள்ளத்துல ஏலக்காய் பொறுக்க ஆள் விட்டது யாரு?" என்று கத்தினான். தேவாரத்து ஆட்களும் வந்து சேர்ந்திருந்த கூட்டம் பெத்துராஜைப் பார்த்துத் திரும்பியது. அவர் துண்டை உதறிக்கொண்டு, தோட்டத்தில் சோலி கிடக்கிறது என்று எழுந்து போனார்.

அன்னக்கொடி சோலைமலை முன்னால் வந்து நின்றாள்.

"ஆத்தமாட்டாமப் பேசிட்டேன், மூத்த மச்சான். மனசுல வைக்காதீக. முன்னால வந்து தோள் குடுங்க."

சோலைமலை தலையை ஆட்டினால் போதும், அத்தோடு முடிந்தது.

"லோடு காரணமில்ல," என்றான் சோலைமலை, யாரிடமோ சண்டைக்குப் போகிறவன்போல. "கொதிக்கிற டிரம்முல தண்ணி பட்டா வெடிச்சுப்போகும். எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. எம்பக்கத்துல வந்து நின்னான், அன்னக்கொடி. ஊத்தாதடான்னு ஒரு வார்த்தை. சொல்லலை. வீம்புல கெடந்தேன். நாந்தேன்."

"அண்ணே!" என்றான் கன்னையன்.

அன்னக்கொடி அடிப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அடிக்கவில்லை, அழவும் இல்லை. சுருளியின் முகத்தில் உட்கார்ந்த ஈயை முந்தானையால் விரட்டினாள். இன்னொன்று வந்தது. அதையும் விரட்டினாள்.

"வெயிலு ஏறுது. தூக்குங்க," என்றாள்.

யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. சுருளியைப் பாடையில் ஏற்றியதும் மூன்று மூலைக்கு ஆள் வந்து நின்றார்கள். நாலாவது மூலைக்கு யாரும் போகவில்லை.

சோலைமலை போய்க் குனிந்தான். தூக்கியதும் பாடை சரிந்தது. மற்ற மூன்று பேரையும்விட அவன் ஒரு சாண் உயரம். முழங்காலை மடக்கித் தோளைத் தாழ்த்தினான். பாடை மட்டமானது. தெருவைக் கடந்து, கடைவீதியைக் கடந்து, கொட்டகுடி ஆற்றங்கரைவரைக்கும் காலை நிமிர்த்தாமலே நடந்தான்.