இரண்டு டம்ளருக்கு நடுவே

குக்கர் விசில் அடித்தால் போதும், சின்னவள் குளியலறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொள்வாள். பக்கத்து வீட்டுக் குக்கருக்கும் அதே கதிதான். சலவைத் தொழிற்சாலையில் 'புஸ்' என்று ஆவி விட்டுத் துணி தேய்க்கும் பிரஸ் மெஷின் அவள் இடது கையைப் பொசுக்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. புண் ஆறிவிட்டது, விரல்கள்தான் மடங்காமல் நின்றுவிட்டன. பயம் மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி காலி பண்ண மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது.

மனநல ஆலோசகர் ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார் கைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். "அதெல்லாம் எதுக்கு? பழசைக் கிளறினா வலிதான் மிச்சம்" என்று குறுக்கே விழுந்தவள் அக்கா. அக்கா சொன்னால் சின்னவளுக்கு மறுபேச்சு கிடையாது. அம்மா போன பிறகு ஆளாக்கியவள் அவள்தானே. தான் சூப்பர்வைசராக இருந்த தொழிற்சாலையிலேயே தங்கைக்கும் வேலை வாங்கிக் கொடுத்தாள். விபத்துக்குப் பிறகு தலை வாரிவிட்டு, சாயங்காலமானால் கைக்குக் களிம்பும் தடவிவிட்டாள். இப்படி ஒருத்தி வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரிடமோ போய் மனசைக் கொட்டுவானேன் என்று இவளும் சும்மா இருந்துவிட்டாள். ஆனால் ஒரு நாள், பஸ் பிரேக் போட்டு 'புஸ்' என்று காற்று விட்ட சத்தத்துக்கு நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அக்காவுக்குத் தெரியாமல் ஆலோசகரிடம் போக ஆரம்பித்தாள்.

ஆலோசகர் அம்மாள் புத்திமதி சொல்கிற ரகமில்லை. ஒரு கேள்வி கேட்பார், பதில் வரும்வரை சும்மா இருப்பார். முதலில் சின்னவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க. அவசரமே இல்ல. பயமா இருந்தா நிறுத்திடலாம். கால் தரையில இருக்கான்னு மட்டும் அப்பப்ப பாத்துக்கோங்க."

சின்னவள் மனப்பாடமாக ஒப்பித்தாள். "அந்த மெஷினுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பட்டன் மேடம். ரெண்டு கையாலயும் சேர்த்து அழுத்தினாத்தான் மேல் தகடு இறங்கும். கை உள்ள மாட்டக்கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்களாம், எனக்கு அப்புறம்தான் தெரியும். நான் அவசரத்துல இடது பட்டனை முழங்கையால அழுத்திட்டு கையை உள்ள விட்டுட்டேன். என் புத்தி!"

"இது நீங்க பாத்ததா, யாராவது சொன்னதா?"

"அக்கா சொன்னா, ஆஸ்பத்திரியில. விசாரிக்க வந்தவங்ககிட்டயும் அதையேதான் சொன்னேன்."

அந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேஜையில் இருந்த இரண்டு டம்ளர்களை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுதான் பட்டன்னு வெச்சுக்கோங்க. எவ்வளவு தள்ளியோ அவ்வளவு தள்ளி வைங்க. அன்னிக்கு உங்க கை எங்க இருந்துச்சுன்னு காட்டுங்க."

டம்ளர்களை மேஜையின் இரண்டு ஓரத்துக்கும் தள்ளினாள். வலது கையை ஒரு டம்ளர் மேல் வைத்தாள். இடது கையை நடுவே நீட்டி, இல்லாத தலையணை உறையின் சுருக்கத்தை நீவினாள். பிறகு முழங்கையை இடது டம்ளர் பக்கம் கொண்டுபோகப் பார்த்தாள். எட்டவில்லை. சாய்ந்து பார்த்தாள், நாற்காலிதான் முனகியது. முழங்கை டம்ளரைத் தொட்டால் கை நடுவிலிருந்து வெளியே வந்துவிடுகிறது.

"எட்டலையே!" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.

"சரி, எட்டலை. அப்ப அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு? தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க."

சின்னவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "துணி" என்றாள். "மஞ்சள் துணி. பட்டனை அமுக்கி இறுக்கிக் கட்டியிருந்துச்சு. துணி மடிக்கிற வேலையிலேர்ந்து அன்னிக்குத்தான் என்னை மெஷினுக்கு மாத்தினாங்க. 'வலது கையால அழுத்து, இடது கையால நீவு, வேலை மளமளன்னு முடியும்'னு அக்காதான் சொல்லிக் குடுத்தா."

"அப்புறம்?"

அப்புறம் அலறல். இத்தனை நாளும் அவள் மனசு அந்த அலறலோடு நின்றுவிடும், அதைத் தாண்டிப் போனதில்லை. கால் தரையில் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

"தகடு தானா மேல ஏறிடுச்சு. நான் கத்தறேன். அக்கா ஓடி வந்தா. வந்து..." இடது டம்ளரைத் தொட்டாள். "அக்கா கை முதல்ல துணிக்குத்தான் போச்சு மேடம். முடிச்சு வரலை. பல்லால கடிச்சு அவிழ்த்தா. இடுப்புல செருகிக்கிட்டா. அப்புறம்தான் என்னைத் தொட்டா."

வீட்டுக்கு நடந்தே வந்தாள். வலியைக்கூட மன்னிக்கலாம், அந்த முழங்கைக் கதையைக்கூட ஒரு பேச்சுக்கு விட்டுவிடலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, "உன் பேரைக் கெடுத்துட்டேனே அக்கா, மன்னிச்சிடு" என்று இவள் அழுதபோது, "போனா போகுது விடு" என்று தலையைத் தடவிக் கொடுத்தாளே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அடிப்பாவி, செய்யாத தப்புக்கு மன்னிப்பும் கொடுத்தாயே!

அக்கா களிம்போடு காத்திருந்தாள். "எங்கடி போயிட்ட? கையை நீட்டு."

"அந்த மஞ்சள் துணியை என்ன பண்ணின?"

எந்தத் துணி என்று அக்கா கேட்கவில்லை. மெல்ல உட்கார்ந்தாள். "எல்லா மெஷின்லயும் அப்படித்தான்டி கட்டுவோம். சீக்கிரம் சீக்கிரம்னு மேல இருக்கறவங்க உயிரை எடுப்பாங்க. விஷயம் வெளிய வந்திருந்தா என் வேலை போயிருக்கும். அப்புறம் உன்னை யாரு பாத்துக்கறது?"

"நான் உன்கிட்ட மன்னிப்பு கேட்டேன்."

அக்கா களிம்பு ட்யூபின் மூடியை இறுக்கித் திருகினாள்.

"நான் கத்திக்கிட்டிருந்தேன். நீ முடிச்சை அவிழ்த்துக்கிட்டிருந்த."

"எவ்வளவு நேரம்டி இருக்கும்?" என்றாள் அக்கா. "ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காதுடி."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. சின்னவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது, ஆனால் ஓடவில்லை. அக்காவின் கையிலிருந்து களிம்பை வாங்கிக்கொண்டாள். ஒரு கையால் மூடி திறக்க வரவில்லை. பல்லால் கடித்துத் திருகினாள்.

பழக்கதோஷத்தில் அக்கா உதவிக்குக் கை நீட்டினாள்.

"தொடாத" என்றாள் சின்னவள்.