கஸ்பாருக்குக் கால் வந்த காலை

ஒரு ஊர் இருந்ததாம், கடலை ஒட்டி. அங்கே கப்பல் வேலைக்குப் போன ஆண்கள் ஸ்பீக்கர் வழியாகத்தான் வீட்டுக்கு வந்துபோவார்கள். கப்பலிலிருந்து பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். கூடத்தில் ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டை முறையாக நிறுத்தி அந்தப் பதிவைப் போட்டால், பேசுகிறவர் நடுவில் வந்து நிற்பார். பேச்சு தீர்ந்ததும் போய்விடுவார்.

நிறுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. சுவரை ஒட்டி வைத்தால் ஆள் ஊதிப்போய் வருவார். ரொம்ப விலக்கி வைத்தால் நெஞ்சில் ஓட்டை விழுந்து, பின்னால் தொங்கும் காலண்டரின் தேதி தெரியும். பக்கத்து வீட்டு எமல்டா பீரோவுக்கு இருபுறமும் வைத்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் வந்த நேரம் முழுக்கப் பீரோவுக்குள்ளேயே நின்று பேசிவிட்டுப் போனார்.

பிலோமி அப்படி விடுகிறவள் இல்லை. மகள் ரெனிட்டாவுக்குக் கல்யாணம். பெண்ணை மாதா கோயிலுக்குள் கைபிடித்துக் கூட்டிப்போக அப்பா கஸ்பார் முழுசாக வந்தாக வேண்டும். இல்லையென்றால் பிலோமியின் அண்ணன் இன்னாசிதான் கூட்டிப்போவான். அதற்காகவே அவன் புதுச் செருப்பு வாங்கி, தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் கழற்றிப் போட்டுக் காட்டியிருந்தான். ரெனிட்டாவோ, அப்பா வராமல் வீட்டுப் படி இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

கஸ்பார் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. கோயில் பீடம்வரை போய்ச் சேருகிற அளவுக்கு நீளமாகப் பேசி அனுப்பியிருந்தார். சொல்வதற்கு விஷயம் தீர்ந்து, கப்பல் சமையலறை வெங்காயம்வரை வந்திருந்தார்.

பிலோமி நாள்தோறும் ஸ்பீக்கர்களை இடுப்பால் தள்ளி, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். கடைசியில் கஸ்பார் கால் சுண்டுவிரல் நகம்வரை வந்துவிட்டார். அதன்பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

கல்யாணக் காலையில் சொந்தக்காரர்கள் வந்து கூடம் நிறைய உட்கார்ந்தார்கள். கோயிலில் முதல் மணி அடித்தது. பிலோமி பதிவைப் போட்டாள். கஸ்பார் இடுப்புவரை வந்தார். அதற்குக் கீழே சாக்பீஸ் கோடுதான் தெரிந்தது.

கோடு போட்டது ஆளில்லாத வெறும் கூடத்தில். இப்போது பட்டுச்சேலைகளும் உடம்புகளும் பாதிச் சத்தத்தைக் குடித்துவிட்டன.

"ஏட்டி பிலோமி, மச்சான் அந்தரத்துல நிக்காரு," என்றான் இன்னாசி. "படி எப்படி ஏறுவாரு?"

அவள் இடதுபக்க ஸ்பீக்கரை நகர்த்தினாள். முழங்கால் வந்தது, முழங்கை போய்விட்டது. பழைய இடத்துக்கே தள்ளினாள். இரண்டாம் மணி அடித்தது. எல்லாரையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள். அவர்கள் காப்பி டம்ளரோடு எழுந்து போனார்கள். ஆள் குறையக் குறையக் கஸ்பார் கீழே இறங்கினார். முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால். பாதம் மட்டும் வரவில்லை. பெரிய வெங்காயம் சீக்கிரம் அழுகிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கூடத்தில் இருந்தது பிரம்பு நாற்காலியில் தாயும், பக்கத்தில் மகளும்தான்.

"யம்மா," என்றாள் ரெனிட்டா மெதுவாக. "நீயும் வெளிய போயேன்."

அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால்தான் அவர் நேராகத் தெரிவார். பிலோமி அதன் கையைத் தடவிவிட்டு எழுந்தாள். தெருவுக்குப் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். இன்னாசி செருப்பை மாட்டினான். மூன்றாம் மணி அடித்தால் பெண் கிளம்பியாக வேண்டும். உள்ளே பேச்சு கேட்டது. பேச்சு மட்டுமா, ஆளும் உண்டா என்று பிலோமிக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

அப்போது வெறுங்கால் சிமெண்டுத் தரையில் சப்பென்று படும் சத்தம் வந்தது.

கஸ்பார் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். இடைவெளி குறையக் கூடாதென்று ஒரு ஸ்பீக்கர் வாசல் வழியாகவும், இன்னொன்று ஜன்னல் கம்பியை விலக்கிக்கொண்டும் கூடவே வந்தன. சொந்தக்காரர்கள் வழிவிட்டார்கள். இன்னாசி மச்சானின் வெறுங்காலையே பார்த்தான். பிறகு புதுச் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு, ஸ்பீக்கர் வயரைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தான். மூன்றாம் மணி அடித்தது.

பிலோமியைக் கடக்கும்போது கஸ்பார், "மழை வரும்போல இருக்கு, பிலோமி," என்றார்.

போன வாரம் நடுக்கடலில் சொன்னது அது. தெருவில் வெயில் கொளுத்தியது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் மட்டும் மழை பிடித்துக்கொண்டது. ரெனிட்டா தலையில் போட்டிருந்த வெள்ளை நெட்டு நனைய ஆரம்பித்தது. சொந்தக்காரர்கள் ஒதுங்கி வெயிலில் நடந்தார்கள்.

பிலோமி உள்ளே போய்க் குடையை எடுத்தாள். கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் போன பக்கமாக வேகமாக நடந்தாள்.