மாமா சொன்ன மருந்து

"இன்னைக்கு நீ வாயத் திறந்தே, அப்புறம் எனக்குப் பொண்ணே இல்லன்னு நெனைச்சுக்குவேன்," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு நாற்காலி உறையின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

அக்கா தம்பிக்காகத் தைத்த சட்டையில் கடைசிப் பொத்தானை வைத்து, பல்லால் நூலைக் கடித்துவிட்டுத் தையல் இயந்திரத்தை மூடினாள். பெண் வீட்டார் வரும் நேரம். மாப்பிள்ளையாகப் போகும் தம்பி இன்னும் கண்ணாடி முன் நின்றிருந்தான். கை நடுங்கியதால் சவரம் செய்து முடிக்க வெகுநேரம் பிடித்தது.

அவன் லாரி ஓட்டியவன். சரக்கு சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமென்று தூக்கம் வராமல் தடுக்கும் மாத்திரையை முதலில் கையில் கொடுத்தவர் முதலாளிதான். பிறகு மாத்திரை போதவில்லை, போதைப் பொடி வந்தது. வண்டி ஒரு சுவரில் மோதிய அன்று முதலாளி அவனை யாரென்றே தெரியாது என்று கைகழுவினார்.

சிகிச்சைக்கு அவனை அழைத்துப்போனது அக்காதான். டாக்டர் இரண்டு சீட்டுக்கட்டுகளை வைத்து விளையாடச் சொன்னார். ஒரு கட்டு விளையாட்டுப் பணத்தை அள்ளிக் கொடுக்கும், பிறகு மொத்தமாகப் பிடுங்கிக்கொள்ளும். இன்னொன்றில் கொஞ்சமாக வரும், ஆனால் கையில் நிற்கும். தம்பி முதல் கட்டிலிருந்தே எடுத்துத் தோற்றுக்கொண்டிருந்தான்.

"இந்தக் கட்டு மோசம்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சுக்கா," என்றான் வெளியே வந்து. "தெரிஞ்சும் கை அங்கதான் போகுது."

ஓட்டுநர் என்பதால் அவனுக்குப் புரிகிற மாதிரிதான் டாக்டரும் சொன்னார். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதிதான் 'பொறு, யோசி' என்று சொல்லும் பிரேக். பொடி அதைத் தேய்த்துவிட்டது. மறுபடி பிடிக்கும், ஆனால் ஒரு வருஷம் ஆகலாம், மேலேயும் ஆகலாம். அதுவரை பெரிய முடிவு எதுவும் வேண்டாம்.

போன வாரம் ரொட்டி வாங்கப் போனவன் மறுநாள்தான் திரும்பினான். மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. "இனிமே தொடமாட்டேன், உன்மேல சத்தியம்" என்று, கிளம்பிய அன்று காலை அக்காவிடம் சொன்னபோது அவன் பொய் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னான்.

"ஒரு கால்கட்டு போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்," என்று மாமா இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். வேலைக்குப் போகாதவனுக்கும், கைநீட்டுகிறவனுக்கும், குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனுக்கும் மாமாவிடம் ஒரே மருந்துதான். அந்த மருந்துக்கும் வலிக்குமா என்று அவர் யோசித்ததே கிடையாது.

பெண் வீட்டார் வந்தார்கள். கூடத்தில் பேச்சும் சிரிப்பும் களைகட்டின. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்த பெண்ணின் பின்னாலேயே அக்காவும் வந்து, கதவை ஒருக்களித்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. என் தம்பி..."

"தெரியும்க்கா," என்றாள் அவள், டம்ளரைக் கீழே வைக்காமல். "மருந்துக் கடையில நிக்கறவ நான். அந்தக் கையப் பாத்தா தெரியாதா? எங்கப்பாவுக்கும் தெரியும். உங்க மாமாவே சொல்லிட்டாராம். நான் வந்து திருத்திடுவேனாம்."

அக்கா நாளெல்லாம் நெஞ்சில் சுமந்த ரகசியம் ரகசியமே இல்லை.

"தெரிஞ்சுமா?"

"எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சிங்க நிக்குதுங்க."

"சரி. நீ என்ன சொன்னே?"

பெண் அவளை வினோதமாகப் பார்த்தாள். "என்னை யாருக்கா கேட்டாங்க?"

"நான் கேக்குறேன்."

கூடத்தில் மாமா எதற்கோ பெரிதாகச் சிரித்தார். டம்ளர் காலியாகும்வரை அவள் மெதுவாகக் குடித்தாள்.

"வேண்டாம்க்கா," என்றாள். "நான் சொன்னேன்னு மட்டும் தெரிய வேண்டாம். வீட்டுல இருக்க முடியாது."

அக்கா கூடத்துக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மன்னிச்சுக்குங்க. எங்க பக்கத்துல இது சரிப்படாது. எனக்குச் சம்மதமில்ல."

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். மாமா கத்தினார். பெண்ணின் அப்பா, தன் வீட்டையே இழிவுபடுத்திவிட்டதாகச் சொல்லிக்கொண்டு செருப்பைத் தேடினார். பெண் தலையைக் குனிந்தபடி அவர் பின்னால் போனாள்.

பெண் வீட்டார் போன பிறகு தம்பி புதுச் சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் மேல் அவளுக்கு உயிர். அந்த முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"நீ கூட என்னை நம்பலியாக்கா?"

"உன்னை நம்புறேன்டா. டாக்டர் சொன்ன அந்த ஒரு வருஷம் போகட்டும்."

அவன் புதுச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டான், "அவளும் வேணாம்னு சொல்லிட்டாளா?"

இன்னொரு அடியை அவன் தாங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

"அவள யாருடா கேட்டா? நான்தான் வேணாம்னேன்."

அவன் உடனே நம்பினான். அடுத்த அறையிலிருந்த அம்மாவும் நம்பினாள், மாமாவும் நம்பினார். அக்கா அந்தப் பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்டிருப்பாளோ என்ற சந்தேகம் அந்த வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை.