அவன் பெயரில் ஒரு கடன்

வங்கியில் கடன் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் கம்ப்யூட்டர் திரையை எதிரே உட்கார்ந்திருந்தவன் பக்கம் திருப்பியபோது வேன்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் வருஷக்கணக்காக இன்னொருவருடைய வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன். முதலாளி வண்டியை விற்கப் போவதாகச் சொல்ல, அதைத் தானே வாங்கிக்கொள்ளலாம் என்று கடன் கேட்டு வந்திருந்தான். சிவப்பாகத் தெரிந்த ஒரு வரியை அந்த அம்மாள் பேனாவால் தொட்டுக் காட்டினாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் அவன் பெயரில் வாங்கிய கடன் பாதியில் நின்று, வராக்கடன் என்று பதிவாகியிருந்தது. இது இருக்கிறவரை எந்த வங்கியும் திரும்பிப் பார்க்காது என்றாள்.

"நான் எங்கேயும் கடன் வாங்கலையேம்மா."

"நிறைய பேர் அப்படித்தான் சார் சொல்றாங்க." அவள் குத்திக்காட்டவில்லை. சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

காலை ட்ரிப்புக்கும் சாயங்கால ட்ரிப்புக்கும் நடுவில்தான் அவனால் அலைய முடியும். ஃபைனான்ஸ் கம்பெனியில் முதல் தடவை சாப்பாட்டு நேரம் என்றார்கள். அடுத்த தடவை சிஸ்டம் படுத்துவிட்டது என்றார்கள். அதற்கும் அடுத்த தடவைதான் குமாஸ்தா பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தான். போட்டோ, அடையாள அட்டை நகல் எல்லாம் வேன்காரனுடையவை. கையெழுத்து மட்டும் அவனுடையது இல்லை. வாங்கிய பொருள் ஜெராக்ஸ் மெஷின். போன் நம்பரை அவன் இரண்டு தடவை படித்தான். அது அக்காவின் கடை நம்பர்.

குமாஸ்தா ஒப்பிப்பதுபோல் சொன்னான். குறைத்துப் பேசிக் கட்டினால் 'செட்டில்டு' என்று பதிவில் விழும், அதுவும் கறைதான். முழுசாகக் கட்டினால் கணக்கு மூடும், ஆனாலும் தவணை தவறினது இன்னும் சில வருஷம் தெரியும்.

"நீங்க போட்ட கையெழுத்து இல்லைன்னா போலீஸ்ல புகார் குடுத்து நகலைக் கொண்டாங்க. உங்க பேரை எடுத்துடலாம். போட்டவங்க பாடு அவங்களுக்கு."

அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. கடையில் கடன் சொல்ல வருகிறவனைப் பார்வையாலேயே படியிறக்கி விடுவாள். சம்பளத்துக்குள் குடும்பம் நடத்து என்று அவனுக்கு ஓதாத நாளில்லை. அவன் வீட்டுக் காகிதங்களுக்கெல்லாம் நகல் எடுப்பது அவள் கடையில்தான்.

அவன் போனபோது அக்கா மெஷினைத் திறந்து, சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னான். அவள் மறுக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் வயதுக்குக் கடன் கிடையாது என்றிருக்கிறார்கள். சின்ன வயசுக்காரர் யார் பெயரிலாவது போட்டுக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் யோசனை சொன்னானாம். இரண்டு வருஷம் தவறாமல் கட்டினாள். பிறகு குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப்போட்டு மாசக்கணக்கில் மூடவில்லை. கடைக்கு ஈ காக்கை வரவில்லை. கம்பெனிக்காரர்கள் போனில் கேட்ட கேள்வியை எல்லாம் அவளே கேட்டு விழுங்கினாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா."

"கேட்டா நீ குடுத்திருப்பே. உன்கிட்ட கை நீட்டுற நிலைமைக்கு வந்துட்டேன்னு என்னாலயே ஒத்துக்க முடியலடா."

சத்தம் போடத்தான் வந்திருந்தான். அதற்குத் தெம்பு இல்லாமல் எழுந்து போனான்.

புகார் கொடுங்கள் என்றாள் மனைவி. கொஞ்சம் பொறுத்து, அவங்க கையில வளர்ந்தவர் நீங்க, நீங்களே முடிவு பண்ணிக்குங்க என்று எழுந்து போய்விட்டாள்.

மறுபடி கம்பெனிக்குப் போன அன்று, அவன் கூப்பிடாமலே அக்கா அங்கே வந்திருந்தாள். பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குமாஸ்தா தாளைப் பிரித்ததும், "சார், அந்தக் கையெழுத்து..." என்று ஆரம்பித்தாள்.

"என்னோடதுதான்," என்றான் வேன்காரன்.

குமாஸ்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அன்னிக்குத் தெரியாதுன்னீங்களே?"

"மறந்துபோச்சு சார். முழுசா கட்டிடறேன், தவணை போட்டுக் குடுங்க."

அக்கா வாயைத் திறந்தாள். அவன் அவள் கைமேல் கை வைத்தான். புகார், விசாரணை என்று இழுபடாமல் போனதில் குமாஸ்தாவுக்கும் நிம்மதி. தவணைக் கணக்கைத் தட்டச்சு செய்தான்.

அக்காவும் தம்பியுமாக ஒரு வருஷத்துக்கு மேல் கட்டினார்கள். அதற்குள் வேன் கைமாறிவிட்டது. புது முதலாளி அவனையே ஓட்டச் சொன்னார், சம்பளம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. கணக்கு மூடிய கடிதத்தோடு வங்கிக்குப் போனபோது அந்த அம்மாள் அவனை ஞாபகம் வைத்திருந்தாள். நல்லது சார், ஆனா உங்க கடன் மதிப்பெண் ஏற இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும், அப்புறம் வாங்க என்றாள். சரிம்மா என்று எழுந்துகொண்டான். கோபம்கூட வரவில்லை.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்து சொன்னான்.

"உம் பொண்டாட்டி இன்னும் என்மேல கோவமா இருக்காளாடா?"

"இருக்காக்கா."

"இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வர்றேன். பேசலைன்னாலும் உக்காந்துட்டுப் போறேன்."

பள்ளிக்கூடம் விட நேரமாகிவிட்டது. அவன் வண்டியை எடுத்தான்.