ஆர்லோ பர்டிக்குச் சுற்றிய சக்கரம்

நெப்ராஸ்காவின் முகாம் மைதானம் ஒன்றில், காலைக் காபி ஆறுவதற்குள் ஆர்லோ பர்டி செத்துப்போனார். அன்று மதியத்துக்கு முன்பே, டிரெய்லரின் சக்கரம் உருளத் தொடங்கியதும், வாயைத் திறந்து மனைவியைத் திட்டினார். பென்சில்வேனியாவில் கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையின் உலை முன்னால் காலமெல்லாம் வெந்தவர் அவர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றார், கட்டிலும் அடுப்பும் உள்ளே வைத்த பழைய டிரெய்லர் வீடு ஒன்றை வாங்கிப் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டினார், நாட்டைக் குறுக்கே கடந்து மேற்குக் கடலில் காலை நனைத்த பிறகுதான் மறுவேலை என்று மனைவி நெல்டாவோடு கிளம்பினார். பாதி தூரம் வருவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது.

டிரெய்லர் இழுத்துக்கொண்டு திரிகிறவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. கிளம்பும்போது உள்வேலை ஒருவருக்கு, வெளிவேலை மற்றவருக்கு. கூரை ஜன்னலைச் சாத்துவது, அலமாரிக்குக் கொக்கி போடுவது, ஃபிரிட்ஜைப் பூட்டுவது எல்லாம் நெல்டா. மைதானத்துத் தண்ணீர்க் குழாய், கரண்டு வயர், கழிவுக் குழாயைக் கழற்றுவது, சக்கரக் கட்டையை எடுப்பது எல்லாம் ஆர்லோ. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைத்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அன்று அவர் மூச்சு நின்றதும் நெல்டா மைதானத்து அலுவலகத்துக்கு ஓடினாள். முந்தின இரவுப் புயலில் டெலிபோன் செத்துக் கிடந்தது. திரும்பி வந்து, கட்டிலில் கிடந்தவரோடு தானே டிரெய்லரை மாட்டி, ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். கட்டையை எடுக்க நினைவிருந்தது, வயரைப் பிடுங்க நினைவிருந்தது, தண்ணீர்க் குழாயைக் கழற்ற மட்டும் மறந்துபோனாள். மைதானத்துக் குழாய்க்கம்பத்தையே பிடுங்கிக்கொண்டு டிரெய்லர் சாலையில் ஏறியது. வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது ஒருவருக்கொருவர் சைகை சொல்வதற்கென்று வாங்கிய வாக்கி-டாக்கிகளில் ஒன்று அவள் முன்னால் கிடந்தது. மற்றது எப்போதும் கட்டில் தலைமாட்டில் தொங்கும். முன்னால் கிடந்தது கரகரத்தது.

"அடியே நெல்டா, தண்ணிக் குழாயக் கழட்டாமலே கிளம்பிட்டியா? பின்னால பாரு, ஊரான் கம்பமும் நம்மகூட வருது!"

பிரேக்கை மிதித்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கட்டிலில் ஆர்லோ தாடை தொங்கி, ஈரத் துணிபோல் சில்லிட்டுக் கிடந்தார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஏறி நகர்த்தினாள். "நிறுத்துனியே, கழட்டுனியா இல்லியா?" என்றது கருவி. இன்னும் இரண்டு தரம் நிறுத்திப் பார்த்தபின் புரிந்துபோயிற்று: உருண்டால் இருக்கிறார், நின்றால் இல்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை போனாள். அங்கே நிறுத்தினால் டாக்டர் பார்க்கப்போவது பிணத்தை. அவர்களும் பிணத்துக்குச் செய்வதைத்தான் செய்வார்கள். அவள் வாசலைத் தாண்டி மேற்கே திரும்பினாள்.

விஷயத்தை அவளே அவருக்குச் சொன்னாள். "ஆர்லோ, நீ செத்துட்ட."

"அதான் முதுகு வலி இல்ல," என்றார்.

சிரிப்பு அன்றோடு சரி, கண்ணுகளா. ஓடுகிற வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும், பெட்ரோலுக்கு நிற்க வேண்டும். பெட்ரோலுக்கு முதல் தரம் நிறுத்தியபோது ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஆர்லோ திரும்பி வந்துவிட்டார். அடுத்த தரம் ஒரு மலையேற்றம் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அவர் இன்னும் தூரமாய்ப் போய் இன்னும் தாமதமாய் வந்தார். வரும்போது நினைவில் கொஞ்சத்தை எங்கோ விட்டுவிட்டு வந்தார். தொழிற்சாலையின் பெயர் போயிற்று, பிறகு தன் தம்பியின் முகம். நெல்டா தூங்கவில்லை. காபித் தூளை வாயில் போட்டு மென்றாள், கன்னத்தில் அறைந்துகொண்டாள், ஒதுங்குவதற்குக்கூட இறங்கவில்லை. சாலை கடலில் முடிகிறதே, அதற்கப்புறம் எங்கே உருட்டுவது என்று நினைக்கும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்தாள்.

வயோமிங்கில் நெடுஞ்சாலை போலீஸ்காரர் ஒருவர் சைரன் போட்டு மறித்தார். ஓடுகிற டிரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஜன்னலில் ஒரு கிழவர் கையசைத்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். கதவைத் திறந்தால் பிணம். தொப்பியைக் கழற்றினார். நெல்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "தம்பி, உள்ள ஏறி உக்காரு. நான் கொஞ்ச தூரம் உருட்டுறேன். அப்புறம் விலங்கு வேணாலும் மாட்டு." அவருக்கு என்ன தோன்றியதோ, ஏறி உட்கார்ந்தார். அடுத்த ஊரின் தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டபோது, "கதவச் சாத்துய்யா, குளிருது," என்று பிணம் சொன்னது. ஓடுகிற டிரெய்லரிலிருந்து குதித்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு எழுந்த போலீஸ்காரர், "அம்மா, நிக்காதீங்க! போங்க, போயிட்டே இருங்க!" என்று கத்தினார்.

யூட்டாவில் பெட்ரோல் போட்டபின், அந்த வெள்ளை உப்புவெளி முழுவதையும் கடந்து முடித்தும் ஆர்லோ வரவில்லை. நெல்டா கருவியை வாயருகே பிடித்துக்கொண்டு அவர் பெயரையே சொல்லிக்கொண்டு ஓட்டினாள். நெவாடாவுக்குள் நுழைந்த பிறகு, கிணற்றடியிலிருந்து வருவதுபோல் ஒரு குரல் வந்தது.

"நெல்டா, ஒன் கண்ணு ரெண்டும் இங்கேருந்தே எரியுறது தெரியுது. ஓரமா நிறுத்திட்டுப் படு. போறவன் போறேன்."

"வாயை மூடு. ஒன்னக் கேட்டா ஓட்டுறேன்?"

இன்னொரு நிறுத்தம் வந்தால் அதுவே கடைசி என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அந்த நிறுத்தத்துக்குப் பெட்ரோல் தீர வேண்டியிருக்கவில்லை. பாலைவெளியின் நடுவில், உச்சி வெயிலில், டிரெய்லரின் வலது டயர் வெடித்தது.

நெல்டா இறங்கிச் சாலையிலேயே மண்டியிட்டு அலறினாள். டிரெய்லர்காரர்கள் யாரும் இன்னொரு டிரெய்லர்காரரைச் சாலையோரத்தில் விட்டுவிட்டுப் போவதில்லை. எதிரே வந்த ராஸ்கோ என்ற தனிக்கட்டை, என்ன ஏது என்று கேட்காமல் ஜாக்கியோடு இறங்கி ஓடி வந்தார். அவள் போட்ட கூச்சலில் அந்த அனுபவசாலியும் ஒரு தப்பைச் செய்தார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டுத்தான் தூக்க வேண்டும். அவர் முதலில் தூக்கிவிட்டார். பிறகு ஸ்பேனரை மாட்டி அழுத்தினால் நட்டு கழலவில்லை, சக்கரம்தான் சுற்றியது. உள்ளே யாரோ இருமினார்கள்.

நெல்டாவின் அழுகை நின்றது. "இன்னொரு தரம் சுத்துங்க."

"நட்டு கழல வேண்டாமாம்மா?"

"நட்டு கெடக்கட்டும்! சுத்துங்க!"

சாலை வேண்டியிருக்கவில்லை, தூரம் வேண்டியிருக்கவில்லை, சக்கரம் சுற்றினாலே போதுமாயிருந்தது. ராஸ்கோ கை சலிக்கும்வரை சுற்றினார்; பிறகு நெல்டா, உள்ளங்கைத் தோல் உரிய உரிய. கிழிந்த டயர் சட்சட்டென்று அடித்துக்கொண்டே இருந்தது. வெயில் சாயும் நேரத்தில் ஜன்னல் திரை விலகியது. "எவன்டா அது, எங்க டயர வச்சு வெளையாடுறது?"

ராஸ்கோ கையை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார். "நான்தான் அண்ணாச்சி. ஒங்க சம்சாரம் சொல்லித்தான்."

அன்று அந்த வழியாய் வந்த டிரெய்லர்கள் ஒவ்வொன்றாய் ஓரம் கட்டின. காரணம் கேட்டவர்களுக்கு ராஸ்கோ சொன்னார். கேட்காதவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நேரே சக்கரத்துக்கு வந்தார்கள். யாரோ நெல்டாவைத் தோளைப் பிடித்து எழுப்பி, முறை மாற்றி, தங்கள் படுக்கையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். நெப்ராஸ்காவுக்குப் பிறகு அவள் கண்ணை மூடியது அப்போதுதான்.

டிரெய்லரை மேட்டுக்கு நகர்த்தி, இரண்டு சக்கரமும் தரையில் படாதபடி முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். அதைச் சுற்றி ஒரு முகாம் மைதானம் உண்டாயிற்று. குளிருக்குத் தெற்கே போகிறவர்களும் வெயிலுக்கு வடக்கே போகிறவர்களும் அங்கே தங்கி, விறகு பிளப்பதுபோல், குப்பை கொட்டுவதுபோல், தங்கள் முறைக்குச் சக்கரம் சுற்றிவிட்டுப் போனார்கள். ஒரு பக்கத்துப் பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கும்போது மறுபக்கத்தைச் சுற்றினார்கள். போன நினைவுகள் திரும்பவில்லை, தம்பியின் முகம் கடைசிவரை வரவில்லை. ஆனாலும் ஆர்லோ சீட்டாட்டத்தில் ஏமாற்றும் அளவுக்குத் தேறினார். வேகமாய்ச் சுற்றுகிறவர்களை, காபி சிந்துகிறது என்று ஏசினார்.

சில வருஷம் கழித்து, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போதே நெல்டா செத்துப்போனாள். அப்போது சக்கரத்தில் முறை ராஸ்கோவுடையது. மற்றவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஆர்லோவின் பக்கத்தில் கிடத்தினார்கள். இன்னொரு சக்கரத்துக்கும் ஆள் போட வேண்டுமோ என்று ராஸ்கோ கவலைப்பட்டார். கொஞ்ச நேரத்தில், மிச்சக் கிழங்கு எங்கே என்று நெல்டா உள்ளேயிருந்து கேட்டாள். ஒரு சக்கரமே இரண்டு பேருக்கும் போதுமாயிருந்தது.