பத்துக்கு ஏழு

"சட்டையைக் கழட்டுங்க."

வேலையிலிருந்து வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றாத மனிதரிடம் மனைவி பேசிய முதல் வார்த்தை அது. மறு பேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்தார். அவள் காலரை மோந்தாள். இரண்டு கையையும் மோந்தாள். சட்டைப் பையை வெளியே இழுத்து, அதன் மூலையில் மூக்கை வைத்தாள்.

"கிரீஸ் வாசனைதான். பொழைச்சீங்க. வாயை ஊதுங்க."

ஊதினார்.

"சரி, உள்ள வாங்க."

முப்பத்தேழு நாளாக அந்த வீட்டு வாசலில் இந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவருக்கு அங்கே வைத்திருந்த பெயர் புகைவண்டி. வாயிலிருந்து எப்போதும் புகை வரும். கிளம்பினால் நிற்க மாட்டார்.

நிறுத்தப் பார்த்திருக்கிறார். முதல் முறை ஏழு மணி நேரம் தாக்குப்பிடித்தார். இரண்டாம் முறை மூன்று நாள். மூன்றாம் முறை ஒரு மாதம் நன்றாகவே போனதாக மனைவி நம்பினாள். ஒரு சாயங்காலம் மின்சாரம் போய், அவள் டார்ச் விளக்கைத் தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் திருகித் திறந்தாள். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது சிகரெட் இருந்தது.

அதற்குப் பிறகுதான் டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள யாரோ விசில் அடிக்கறாங்க. இன்னும் ரெண்டு வருஷம் போனா அதுவும் கேட்காது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கையை நீட்டினார். "இனிமே தொட மாட்டேன். சத்தியம்."

"சத்தியம் வேணாம். நீங்க பண்ணிப் பண்ணி அந்த வார்த்தையே தேஞ்சு போச்சு. ஜிஹாத் பண்ணுங்க."

"சிகரெட்டோடயா?"

"உங்களோடங்க. ஊரான் கையை முறுக்கறது பெரிய வீரம் இல்ல. உங்க கையில இருக்கற இந்த ரெண்டு விரலை அடக்குங்க, அப்ப ஒத்துக்கறேன். நாப்பது நாள் தாண்டிட்டா பாதிக் கிணறு தாண்டின மாதிரின்னு டாக்டரும் சொல்லியிருக்கார்."

அன்றிலிருந்து வீட்டில் அதுதான் பேச்சு. தினமும் பத்து மணிக்கு, சிகரெட் ஆசை உச்சியில் இருக்கும் நேரம் பார்த்து, அவள் போன் செய்வாள்.

"ஜிஹாத் எப்படிப் போகுது?"

"நடக்குது."

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. நாப்பதுல முடிச்சிடலாம்."

லிஃப்ட் மோட்டார் சத்தத்தில் பாதிக் காது போனவர் அவர். போனை ஸ்பீக்கரில் போடாமல் பேச மாட்டார். பக்கத்தில் எலக்ட்ரீஷியன் நின்றிருந்தான்.

எலக்ட்ரீஷியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினொரு வருடம், தினமும் ஐந்து தடவை, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் மெக்கானிக்கோடு நின்று புகைத்தவன். ஒரே தீக்குச்சியில் இரண்டு சிகரெட் பற்றவைத்த நட்பு. நாளைக்கு ஐந்து தடவை வேலையை விட்டுவிட்டு எங்கே போகிறீர்கள் என்று அத்தனை வருடத்தில் ஒருவரும் அவர்களைக் கேட்டதில்லை. இப்போது கொட்டகையில் தனியாக நின்று புகைப்பது அவனுக்குக் கல்யாண வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது போல இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு வாடா. பிடிக்க வேணாம், சும்மா நில்லு."

"நின்னா பிடிச்சிடுவேன் மச்சான். ஆளை விடு."

முப்பத்தெட்டாம் நாள் பாதுகாப்பு ஆலோசகர் வந்தார். பதினோராவது மாடிக் கூடத்தில் எல்லா ஊழியர்களையும் உட்காரவைத்து, திரையில் பட்டியல் ஒன்றைக் காட்டினார். மேல்நாட்டு நிபுணர்கள் பல வருடம் ஆராய்ந்து தயாரித்ததாம். ஒருவன் ஆபத்தானவனாக மாறிக்கொண்டிருக்கிறான் என்பதைக் கண்டுபிடிக்கப் பத்து அடையாளங்கள். திடீரென்று தாடி வளர்த்தல். புகை, குடி போன்ற பழக்கங்களை ஒரேயடியாக விடுதல். பழைய நண்பர்களைத் தவிர்த்தல். விடியற்காலையில் எழுதல். உடற்பயிற்சி. சாப்பாட்டில் கட்டுப்பாடு. முன்பைவிட அமைதியாகிவிடுதல்.

"அமைதியா இருக்கறதுமா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுதான் இருக்கறதுலயே மோசம்" என்றார் ஆலோசகர்.

பிறகு எல்லார் கையிலும் ஒரு தாள் கொடுத்தார்கள். வெளிப்படையாகச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள் என்று அதற்கு 'சக ஊழியர் நலப் படிவம்' என்று தலைப்பு வைத்திருந்தார்கள். எலக்ட்ரீஷியன் கூட்டத்துக்குத் தாமதமாக, ஃபியூஸ் மாற்றிவிட்டு வந்தவன். திரையைப் பார்க்கவில்லை, தலைப்பைப் பார்த்தான். நண்பனுடைய நலம். அவனுக்கு மனம் இளகிவிட்டது.

தாடி? உண்டு. சும்மா இருக்கும் விரலுக்குப் பிடித்து இழுக்க ஏதாவது வேண்டுமே என்று வளர்த்தது. கெட்ட பழக்கத்தை விட்டானா? விட்டான், ராஸ்கல். பழைய நண்பர்களைத் தவிர்க்கிறானா? இந்தக் கட்டத்தில் எலக்ட்ரீஷியன் இரண்டு தடவை டிக் போட்டான். விடியற்காலை நடக்கப் போகிறான். அதில் இரண்டு கட்டம் தேறியது. டாக்டர் சொன்ன சாப்பாடு. அமைதி? முன்பெல்லாம் இருமலில் கட்டடமே அதிரும். இப்போது சத்தமே இல்லை.

கூட்டிப் பார்த்தான். பத்துக்கு ஏழு. கீழே 'வேறு தகவல்கள்' என்று கொஞ்சம் இடம் இருந்தது. காலி இடம் விட்டால் மரியாதை இல்லை என்று நினைக்கிறவன் அவன். எழுதினான்:

'இன்று முப்பத்தெட்டாம் நாள். நாற்பதில் முடித்துவிட வேண்டும் என்று இவர் மனைவி தினமும் போனில் உற்சாகப்படுத்துகிறார். இவர்கள் இதை ஜிஹாத் என்கிறார்கள். வெற்றி பெற வாழ்த்துகள்.'

சாயங்காலம் நண்பனைப் பார்த்து, "உனக்குப் பத்துக்கு ஏழு போட்டிருக்கேன்டா. மத்த யாருக்குப் போட்டாலும் ரெண்டைத் தாண்டாது" என்று தோளில் தட்டினான்.

மறுநாள் காலை மேலாளர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, மெஷின் அறைச் சாவியை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். காரணம் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லப்பா, சும்மா ஒரு விசாரணை" என்றார். சொல்லும்போது நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

விசாரணை நாற்பதாம் நாள், பதினோராவது மாடியில் மேலாளர் அறையில். அந்தத் தேதியைத்தான் ஆலோசகரே சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். ஆனாலும் சந்தேகத்துக்குரிய ஆள் எண்ணெய் போட்ட லிஃப்டில் ஏறக் கூடாது என்று அவருக்கு யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். பதினொரு மாடியையும் படிக்கட்டில் ஏறி வந்தார். மெக்கானிக் உள்ளே நுழைந்தபோது, ஆலோசகர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு நாற்காலியில் சரிந்து கிடந்தார். நெஞ்சில் விசில் சத்தம் வெளியிலேயே கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் மெக்கானிக், பதறிப்போய்.

ஆலோசகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப என்ன... சொன்னீங்க?"

"உங்க மேல அமைதி உண்டாகட்டும்னு சொன்னேன் சார். தண்ணி குடிக்கறீங்களா? எனக்கும் நாப்பது நாளைக்கு முன்னால இப்படித்தான் இருந்துச்சு. ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கறீங்க?"

"கேள்வி நான் கேட்கறேன்." ஆலோசகர் தண்ணீரைக் குடித்துவிட்டு, தாளில் எட்டாவதாக ஒரு டிக் போட்டார். "ஜிஹாத்னா என்ன?"

"முயற்சி சார். நல்லதுக்காகப் படாத பாடு படறது."

"யுத்தம்னு எங்க பட்டியல்ல போட்டிருக்கே?"

"யுத்தத்துக்கும் அந்த வார்த்தை உண்டு, இல்லைன்னு சொல்லலை. அக்கிரமம் பண்றவனை எதிர்த்து நிக்கறது. அப்பக்கூடக் குழந்தையைத் தொடாதே, பொம்பளையைத் தொடாதே, வயசானவங்களைத் தொடாதேன்னு கட்டு இருக்கு. அந்தப் பேரைச் சொல்லி சந்தையில குண்டு வெக்கறவன் முதல்ல திருடினது எங்க வார்த்தையை. நீங்களும் அவன் சொன்ன அர்த்தத்தைத்தானே சார் எழுதி வெச்சிருக்கீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

மேலாளர் இருமினார். மனதுக்குள் அவர் கெட்டவர் இல்லை; விவகாரம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்கிற ரகம்.

"சரி, நாப்பதாம் நாள் என்ன நடக்கப் போகுது?" என்றார்.

"இன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போனா, வாயை ஊத வேண்டியதில்லை. அவ்வளவுதான் சார்."

ஆலோசகரும் மேலாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆலோசகருக்கே உள்ளுக்குள் விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் படிவத்தை மூட வேண்டும் அல்லவா? கடைசிப் பக்கத்தில், 'பழைய நடத்தைக்குத் திரும்பினாரா?' என்று ஒரு கட்டம் இருந்தது.

மேலாளர் முகம் மலர்ந்தது. இழுப்பறையைத் திறந்து, ஒரு கையில் மெஷின் அறைச் சாவியும் மறு கையில் சிகரெட் பாக்கெட்டுமாக எழுந்து வந்தார்.

"இவ்வளவுதானா? ஒண்ணை எடுத்துப் பத்த வைப்பா. ரெண்டு இழு. சார் எழுதிடுவார், நீ சாவியை எடுத்துக்கிட்டுப் போயிடலாம். எல்லாரும் சந்தோஷமா இருக்கலாம்."

மெக்கானிக் பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவினார். நாற்பது நாள் கழித்து அந்த மென்மை விரலுக்குள் வந்ததும் வாயில் எச்சில் ஊறியது. அதன் வாசனை நெற்றிவரை ஏறியது. மேலாளர் தீக்குச்சியைக் கிழித்து நீட்டினார். பதினொரு வருடம் எண்ணெய் போட்டு, கயிறு மாற்றி, தூசு துடைத்த நான்கு லிஃப்ட் அந்தச் சாவிக்கு அப்பால் இருந்தன.

தீக்குச்சி மேலாளரின் விரலைச் சுடும்வரை எரிந்து அணைந்தது.

மெக்கானிக் சிகரெட்டைத் திரும்பப் பாக்கெட்டுக்குள் சொருகினார். "திரும்பலைன்னு எழுதிக்குங்க சார். எழுத்துல இருக்கட்டும், என் வீட்டுக்காரிக்கு ஒரு நகல் குடுங்க. அவ என் பேச்சை நம்ப மாட்டா."

வேலை போகவில்லை. சாவிதான் போனது. நாற்பத்தொன்றாம் நாளிலிருந்து அவரைத் தரைத்தளத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, வருகிறவர்களுக்கு எந்த அலுவலகம் எந்த மாடியில் என்று சொல்லச் சொன்னார்கள். லிஃப்டைப் பார்க்க வெளியிலிருந்து ஒருவன் வாரத்துக்கு ஒரு நாள் வந்தான். மற்ற ஆறு நாளும் நான்கில் ஏதாவது ஒரு லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நின்று யோசித்தது. பாதிக் காதுதான் என்றாலும், மோட்டார் முனகும் சத்தத்தை வைத்தே இன்ன இடத்தில் கோளாறு என்று மெக்கானிக்குக் கீழே தெரியும். தாடியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எலக்ட்ரீஷியன் விஷயம் தெரிந்த அன்றே நண்பன் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"தங்கச்சி, நான் நல்லதுன்னு நெனைச்சு எழுதினேன்."

"தெரியும்ணா. வாழ்த்துகள்னு வேற எழுதியிருக்கீங்க. நகல் குடுத்தாங்க, படிச்சேன்." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "எழுத்துப் பிழைகூட இல்ல."

அடித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். வாசற்படியிலேயே உட்கார்ந்து, பாக்கெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "இதை நீயே வெச்சுக்கோம்மா. அந்த ஜிஹாத்தை எனக்கும் சொல்லிக் குடு. நான் உங்க ஆளு இல்ல, பரவாயில்லையா?"

"நுரையீரலுக்கு அதெல்லாம் தெரியாதுண்ணா. வாயை ஊதுங்க."

அவன் பட்ட பாட்டைத் தனிக் கதையாக எழுதலாம். முதல் வாரம் ஸ்விட்ச் போர்டைப் பார்த்தே கத்தினான். விரலுக்கு வேலை வேண்டும் என்று அவனும் தாடி விட்டான். விடியற்காலையில் நண்பனோடு நடந்தான். சீட்டாட்டக் கூட்டாளிகள் புகைக்கிறார்கள் என்று அந்தப் பக்கமே போகவில்லை. இருபதாம் நாளுக்குப் பிறகு ஆள் அமைதியாகிவிட்டான்.

நாற்பதாம் நாள் காலை மேலாளர் அவனைத் தன் அறைக்கு அழைத்தார். மேஜையில் அட்டை ஒன்று தயாராக இருந்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்காக. 'புகையை வென்ற நம் ஊழியர்' என்று எழுதி, அவன் படம் ஒட்டியிருந்தது. தாடியோடு.

"பிரமாதம்ப்பா. எல்லாரும் உன்னைப் பார்த்துக் கத்துக்கணும்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எலக்ட்ரீஷியன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்து வைத்தான். சக ஊழியர் நலப் படிவம். பெயர் எழுதும் இடத்தில் அவன் பெயரையே எழுதியிருந்தான். கீழே ஏழு டிக். அதன்மேல் மின்சார அறைச் சாவியை வைத்தான்.

"என்னப்பா இது?"

"எனக்கும் பத்துக்கு ஏழு சார். நானும் அதைத்தான் பண்ணேன். அதே நாப்பது நாள். பேரும் அதேதான், என் தங்கச்சி சொல்லிக் குடுத்தது. சாவியை உங்ககிட்ட குடுக்கணுமா, ஆலோசகர்கிட்டயா?"

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். "அட, உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? நீ நம்ம ஆளு."

"'நம்ம ஆளு இல்ல'ங்கறதைத்தான் சார் பதினொண்ணாவது அடையாளமா எழுதியிருக்கணும். மத்த பத்தும் வேண்டியிருந்திருக்காது."

அவன் சாவியை எடுத்துக்கொள்ளவில்லை. அட்டையில் இருந்த தன் படத்தை மட்டும் உரித்துப் பையில் போட்டுக்கொண்டு, தரைத்தளத்தில் இன்னொரு ஸ்டூல் இருக்கிறதா என்று பார்க்கப் படியிறங்கினான்.

மேலாளர் பதினோராவது அடையாளத்தைத் தேடி அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.